ஹாரியட்டின் பெயர்த்தகடு

ஆஷ்கோம் மாளிகையின் புல்வெளியில் போட்டிருந்த ஏலக் கூடாரத்தில், கடைசி வரிசையில், எட்னா பிரிட்சர்ட் இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். காலையிலிருந்து மழை வேறு. மேடையில் முப்பத்தெட்டாம் எண் போய்க்கொண்டிருந்தது. நாற்பத்தொன்று வரப்போகிறது.

பதினேழு வயதில் வேலைக்காரியாக அந்த வீட்டுக்குள் நுழைந்தவள். இப்போது ஐம்பத்திரண்டு. கடைசி இருபது வருடமாக மொத்தச் சாவிக்கொத்தும் அவள் இடுப்பில். லவெரிக் குடும்பம் அந்த வீட்டில் குடியிருந்தது. வீட்டை நடத்தியது எட்னா. கல்யாணம், பிள்ளை என்று எதுவும் வைத்துக்கொள்ளவில்லை. அதற்கு நேரமிருந்ததா என்று கேட்டால் சிரிப்பாள். இப்போது எல்லாம் விற்பனைக்கு வந்துவிட்டது. மாளிகை கைமாறிய பிறகும் கேட்டருகே அவள் குடியிருக்கும் வாசல் வீட்டிலேயே சாகும்வரை இருந்துகொள்ளலாம் என்று எஜமானி ரோசமண்ட் லவெரிக் சொல்லியிருந்தாள். வாய்ச்சொல்தான். எழுத்தில் ஒன்றும் இல்லை.

தப்பு நடந்தது பதினொரு வருடத்துக்கு முன்னால். பிப்ரவரியில் குடும்பம் லண்டன் போனதும் மாடிப்படிச் சுவரிலிருக்கும் முன்னோர் படங்களை இறக்கி, சட்டத்தில் திருகியிருக்கும் பித்தளைப் பெயர்த்தகடுகளைக் கழற்றி மெருகேற்றுவது அந்த வீட்டு வழக்கம். அந்த வருடம் எட்னாவுக்குக் கடும் காய்ச்சல். ஹாரியட், கரோலின் என்ற அக்கா தங்கை இருவரையும் ஒரே ஓவியர், ஒரே அளவில், ஒரே நீல உடுப்பில் வரைந்து வைத்திருந்தார். தகடுகளைத் திரும்பப் பொருத்தும்போது திருகாணி பழைய துளையில் உட்காரவில்லை. மரம் தேய்ந்துவிட்டது என்று நினைத்து அரை விரல் தள்ளிப் புதுத் துளை போட்டாள். மறுவாரம் தூசி தட்டும்போதுதான் பார்த்தாள்: சமையலறை ஆட்கள் 'சிடுமூஞ்சி ஹாரியட்' என்று தலைமுறை தலைமுறையாகக் கேலி செய்த முகத்துக்குக் கீழே கரோலின் என்று எழுதியிருந்தது. அதற்குள், அப்போது உயிரோடிருந்த எஜமானர் விருந்தாளிகளைத் தவறான படத்தின் முன் நிறுத்தி, தோட்டக்காரனோடு டாஸ்மேனியாவுக்குக் கப்பலேறிய ஹாரியட்டின் கதையை அளந்துவிட்டிருந்தார். எஜமானரின் கோபம் ஊரறிந்தது. எட்னா வாயை மூடிக்கொண்டாள். மூடிய வாய் மூடியபடியே கிடந்தது.

இப்போது ஏலப் புத்தகத்தின் அட்டையிலேயே அந்தத் தப்பு. அழகான கரோலின் முகம், கீழே ஹாரியட் பெயர். அதை வாங்கவென்றே டாஸ்மேனியாவிலிருந்து டார்சி ஹோப்கிர்க் என்றொரு ஆப்பிள் தோட்டக்காரர் வந்திருந்தார். ஹாரியட்டின் வழி வந்தவர். முந்தின நாள் எட்னாவைப் பிடித்துக்கொண்டார்.

"நாலு தலைமுறையா அந்தம்மா மூஞ்சிய நாங்க யாரும் பாத்ததில்ல. எங்கம்மாவுக்குத் தொண்ணூறு வயசு. படுத்த படுக்கை. பாத்துட்டுத்தான் போவேங்கறா. தினம் தொடச்சிருக்கீங்களே, எங்க சாடை தெரியுதா?"

"எனக்கு என்ன சார் தெரியும்" என்று சொல்லிவிட்டு எட்னா நேரே எஜமானியிடம் போனாள். எல்லாவற்றையும் கொட்டினாள்.

ரோசமண்ட் எழுந்து போய்க் கதவைச் சாத்தினாள். "பதினொரு வருஷம் வாயத் திறக்கல இல்ல? நாளைக்கு ஒரு நாள் திறக்காம இரு. அந்த ஆள் மாதிரி விலை கேக்க வேற யாரும் வரமாட்டாங்க. அப்புறம் எட்னா, அந்த வாசல் வீட்டுக்கு என்ன கலர் திரைச்சீலை வேணும்னு யோசிச்சு வை."

திரைச்சீலையாம். எட்னாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் சரி மேடம் என்றுதான் சொன்னாள். வேறு எங்கே போவாள்?

"நாற்பத்தொன்று" என்றார் ஏலக்காரர். கரோலின் முகம் மேடையேறியது. லண்டன் வியாபாரி ஒருவரும் ஹோப்கிர்க்கும் மாறி மாறிக் கேட்டார்கள். மூவாயிரம். ஐந்தாயிரம். ஹோப்கிர்க்கின் கழுத்து சிவந்தது. ஹோப்கிர்க் ஏழாயிரம் சொன்னதும் வியாபாரி வேண்டாமென்று தலையாட்டி விலகினார்.

"ஏழாயிரம் பவுண்டு, ஒரு தரம்."

எட்னா எழுந்தாள். கையைத் தூக்கவில்லை, தூக்கினால் விலையாகிவிடும்.

"ரெண்டு தரம்."

"அது ஹாரியட் இல்ல சார். பேர்த்தகட்ட மாத்திப் போட்டது நான்தான்."

சுத்தியல் அந்தரத்தில் நின்றது. ஏலக்காரர் முன்வரிசையைப் பார்த்தார். "மேடம், இது உண்மையா?"

ரோசமண்ட் திரும்பவேயில்லை. "எட்னாவுக்குக் கொஞ்ச நாளா ஞாபகம் சரியில்ல. அவளை யாராவது வெளிய கூட்டிட்டுப் போங்க."

முப்பத்தைந்து வருடத்தில் அவள் வேலையை, நேர்மையை, சமையலைக்கூடக் குறை சொல்லியிருக்கிறார்கள். பைத்தியம் என்று யாரும் சொன்னதில்லை. எட்னாவின் கண் நிறைந்துவிட்டது. ஆனாலும் மேடையை நோக்கி நடந்தாள்.

"என் ஞாபகம் வேண்டாம் சார். ரெண்டு தகட்டையும் கழட்டிப் பாருங்க. பழைய துளை அடியில இருக்கும்."

சிப்பந்தி அடுத்த எண்ணாகக் காத்திருந்த மற்ற படத்தையும் கொண்டுவந்து, திருகாணிகளைக் கழற்றினான். இரண்டு சட்டத்திலும் தகட்டுக்கடியில் கறுத்துப்போன பழைய துளைகள். தகடுகளை மாற்றிவைத்ததும் திருகாணிகள் அவற்றில் கச்சிதமாக இறங்கின.

ஏலம் மறுபடி தொடங்கியது. சிடுமூஞ்சிக்கு ஹோப்கிர்க்கைத் தவிர ஆளில்லை. தொள்ளாயிரத்துக்குப் போனது. அவர் படத்தருகே போய் வெகுநேரம் நின்றார்.

"எம்மேல என்ன இவ்வளவு கோவம் இந்தம்மாவுக்கு?"

"என்னையும் அப்படித்தான் சார் பாக்கும். பழகிடும்."

அவர் சிரித்துவிட்டு, உடனே முகத்தைத் துடைத்துக்கொண்டார். "எங்கம்மா மருந்து குடிக்கறப்போ இதே மூஞ்சிதான்."

கூடாரம் காலியான பிறகு ரோசமண்ட் வந்தாள். முகத்தில் சுண்ணாம்பு பூசியதுபோல வெளுப்பு.

"சாவி."

எட்னா இடுப்பிலிருந்து கொத்தை அவிழ்த்துக் கொடுத்தாள்.

"வாசல் வீட்டை வெள்ளிக்கிழமைக்குள்ள காலி பண்ணிடு."

எட்னாவின் வாயிலிருந்து இதற்கு முன் மேடம் என்ற சொல்லைத் தவிர வேறு விளி வந்ததேயில்லை.

"எதுக்கு வெள்ளிக்கிழமை வரைக்கும்? நாளைக்கே போயிடறேன், ரோசமண்ட்."