கல்லைப் பார்த்துக்கொள்ளச் சொன்னவள்

தலவாக்கலையில் பஸ் புறப்படப் போகும். கோசலா மட்டும் ஏறமாட்டாள். மதிலோரம் குந்தி, லென்ஸைக் கண்ணில் ஒட்டிக்கொண்டு, கல்லில் படர்ந்த பாசியைப் பார்த்துக்கொண்டிருப்பாள். கண்டக்டர் கத்துவார். “போங்கண்ணே, அடுத்ததுல வாரேன்” என்பாள், தலையைத் தூக்காமலே. கல்யாண வீட்டுக்குப் போனாலும் இதே கூத்துதான். பட்டுச்சேலையோடு பாறையில் ஏறி நிற்பவளை வேறெங்கே பார்க்க முடியும்?

கண்டியில் ஓர் ஆய்வுகூடத்தில் வேலை. காட்டிலும் மேட்டிலும் கிடைப்பதை அரைத்து, வடித்து, எது எந்தக் கிருமியைக் கொல்கிறது என்று பார்ப்பார்கள். பெரும்பாலும் எதுவும் எதையும் கொல்லாது. ஒரே ஒரு தடவை கொன்றது. உடப்புசல்லாவைப் பக்கம், அவள் பிறந்த தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்கு மேலே இருக்கும் பாறையில் சுரண்டிய சாம்பல்நிறப் பாசி அது. எந்த மருந்துக்கும் மசியாத புண் கிருமி அதனிடம் செத்தது. அந்தக் கிருமியால்தான் அவள் அம்மாவின் காலை எடுத்தார்கள், பிறகு அம்மாவும் போனாள். அன்றைக்குக் கோசலா கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள்.

சுரண்டி வந்தது ஒரு சிட்டிகை, சோதனையிலேயே தீர்ந்துவிட்டது. உடனே தோட்டத்துக் கோயில் பூசாரி கந்தப்பனுக்குப் போன் போட்டாள். “மாமா, அந்தக் கல்ல பத்திரமா பாத்துக்கங்க. அம்மா மாதிரி எத்தனையோ பேரக் காப்பாத்தப் போற கல்லு அது.”

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். உயிரைக் காப்பாற்றும் கல்லைத் தோட்டத்துச் சனம் வேறு எப்படிப் பார்த்துக்கொள்ளும்? அவள் போய்ச் சேர்ந்தபோது பாறையைத் தேங்காய்நாரால் தேய்த்துக் கழுவி, சுண்ணாம்பு அடித்து, குங்குமம் வைத்திருந்தார்கள். “காலங்காலமா அழுக்கேறிக் கெடந்திச்சு புள்ள” என்றார் கந்தப்பன். “ஒங்கம்மா பேருலதான் மொதப் பூச வச்சோம்.”

அதற்குமேல் உண்மையை எந்த வாயால் சொல்வாள்? திருநீறு வாங்கிப் பூசிக்கொண்டாள்.

அன்றிலிருந்துதான் கண்ட கல்லிலெல்லாம் இந்தத் தேடல். அதே சாம்பல், அதே சுருக்கம். அரைத்து ஊற்றினால் கிருமி சொகுசாக வளர்கிறது. வருட முடிவில் ஆய்வை மூடிவிடலாம் என்று பேராசிரியர் சொல்லிவிட்டார்.

போன மாதம் பாறையில் சுண்ணாம்பு உரிந்த இடத்தில் கடுகளவு சாம்பல் தெரிந்தது. கோசலா அதைத் தொடவில்லை. கொஞ்சம் வளரட்டும் என்று விட்டுவந்தாள். இந்த மாதம் போவதற்கு முன் மாமாவுக்குப் போனில் சொல்லிவிட்டுத்தான் போனாள்.

பாறை வெள்ளை வெளேரென்று நின்றது. கந்தப்பனின் விரல்களில் சுண்ணாம்பு இன்னும் காயவில்லை.

“நீ வாரேன்னதும் காலையிலயே ஒரு பூச்சு போட்டுட்டேன் புள்ள. அங்கங்க உரிஞ்சு பாசி புடிக்கப் பாத்திச்சு.”

கோசலா லென்ஸை உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டு, அந்தக் கையோடு மற்றக் கையையும் சேர்த்துக் கும்பிட்டாள்.