ஐந்தாவது அலை

எங்கள் தீவு ஊரான கிளாக்ஸ்விக்கின் பள்ளியில் ஹெர்போர்க் இயற்பியல் ஆசிரியை. பக்கத்து அறையில் நான் டேனிஷ் மொழிப் பாடம் எடுத்தேன். அவள் அப்பா மீன்பிடிக் கப்பலில் இன்ஜின் பார்த்தவர். எதையும் பிரித்துப் பார்க்காமல் அவளுக்கும் தூக்கம் வராது. கோபன்ஹேகனில் ஆய்வுக்கூட வேலை கிடைத்தும், "அங்க பேச்சுத்துணைக்கு மெஷின்தான் இருக்கு" என்று ஊருக்கே திரும்பிவிட்டாள்.

அந்தக் குளிர்காலம் குவாண்டம் பாடம். ஒலிபெருக்கியின் மேல் மெல்லிய கம்பி வளையத்தைப் பொருத்தி அதிர வைத்தாள். சில சுருதிகளில் மட்டும் கம்பி பூவிதழ்போல விரிந்து நின்றது. மற்றவற்றில் வெறுமனே நடுங்கியது. அணுவுக்குள் எலக்ட்ரானும் அலை மாதிரிதான், முழு அலைகளாகப் பொருந்தினால்தான் நிற்கும் என்றாள்.

கடைசி பெஞ்சு ரன்வா உதட்டைப் பிதுக்கினாள். "பொருந்தலைன்னா என்ன, ஹெர்போர்க்? கொஞ்சம் இழுத்துப் பிடிச்சா நிக்காதா?" எங்கள் ஊரில் ஆசிரியரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள்.

சொன்னால் புரியாது என்று ஹெர்போர்க்குக்குத் தெரியும். மறுநாள் வகுப்பையே விளையாட்டுக்கூடத்துக்கு ஓட்டிப்போனாள். சத்தம் கேட்டு நானும் போனேன். எங்கள் தீவுகளில் கைகோத்து வட்டமாக ஆடாத பிள்ளை கிடையாது. அந்த வட்டத்தில் ஒருவர் எழும்ப, அடுத்தவர் ஒரு தாளம் தள்ளி எழும்ப வேண்டும் என்றாள். நாலு பேருக்கு ஓர் அலை. பதினாறு பேர் வட்டத்தில் நாலு அலைகள் வழுக்கிக்கொண்டு ஓடின.

தலைமையாசிரியர் ரெகின் எட்டிப் பார்த்தார். "என்ன, யாருக்குக் கல்யாணம்?"

"வந்து கோத்துக்குங்க!" என்று இழுத்துவிட்டார்கள். அவ்வளவுதான். அவர் இடக்கையை ஒருத்தி தூக்க, வலக்கையை ரன்வா இறக்க, அலை முட்டி மோதிச் சிதறியது.

"ரெகின், நீங்க பொருந்தல!"

"நல்லாத்தானே ஆடறேன்?"

"ஆட்டம் சரி, ஆள் கணக்குதான் உதைக்குது. இன்னும் மூணு பேர் வேணும். நாலேகால் அலைன்னு ஒண்ணு கிடையவே கிடையாது!"

சொல்லி முடித்த பிறகுதான் தன் கேள்விக்குத் தானே பதில் சொல்லிவிட்டது ரன்வாவுக்கு உறைத்தது. வாயைப் பொத்திக்கொண்டாள். ஹெர்போர்க் நின்ற இடத்திலேயே ஒரு குதி குதித்தாள்.

என்னைப் பிடித்து இழுத்தார்கள். சமையலறை மார்யுன் மாவுக் கையோடு வந்தாள். "பஸ் கிளம்பணும், விடுங்கடா" என்று முனகியபடியே ஓட்டுநர் ஸ்வைனுரும் கைகோத்தார். ஐந்தாவது அலை பிறந்தது. மரத்தரை கிடுகிடுத்தது.

வசந்தத்தில் மற்றத் தீவு ஆசிரியர்கள் இந்த அலை ஆட்டத்தைக் கற்றுக்கொள்ள வந்தார்கள். ஹெர்போர்க்குக்கு மட்டும் ஆட வராது. தன் காலையே தான் மிதிப்பாள். ஆடிக் காட்டியது ரன்வா. வட்டத்தின் நடுவில் நின்றுகொண்டு, எங்கே அலை உடைகிறது என்று கத்திக் கத்தி, மூச்சு வாங்கச் சிரித்தாள் ஹெர்போர்க்.