மூளைக்குப் போட்ட மேல் கோடு

தாதி வேலையில் முதலில் கெட்டுப்போவது காதுதான். எங்கள் தீவிர சிகிச்சை வார்டில் மணி அடிக்காத இயந்திரம் ஒன்றுகூட இல்லை. பிரிக்பீல்ட்ஸில் வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தால், பக்கத்து வீட்டுக் குக்கர் விசிலுக்கு எழுந்து ஓடியிருக்கிறேன். நீங்களும் அப்படி ஓடியவர் என்றால் மேலே படியுங்கள், நாம் ஒரே சாதி.

லிம் நடத்திய பாடம்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், மூளையின் ஓட்டத்தைக் காட்டும் இயந்திரம் ஒன்று எங்கள் வார்டுக்கு வந்தது. நோயாளியின் நெற்றியில் மூன்று வில்லைகளை ஒட்டினால் திரையில் ஓர் எண் தெரியும். மூளை சுறுசுறுப்பானால் எண் ஏறும், மந்தமானால் இறங்கும். அது எதுவரை ஏறலாம், எதுவரை இறங்கலாம் என்று நாம் குறித்துவைக்க வேண்டும். அதைத் தாண்டினால் மணி அடிக்கும். மேலே தாண்டினால் வலிப்பாக இருக்கலாம், கீழே தாண்டினால் அதைவிட மோசமாக இருக்கலாம். இந்த எல்லைகளை நாங்கள் மேல் கோடு, கீழ் கோடு என்றே சொல்வோம்.

சொல்லிக்கொடுக்க வந்தவர் கம்பெனிக்காரர் லிம். கிள்ளான் பக்கம் எஸ்டேட்டில் வளர்ந்தவர் என்பதால் தமிழில் வெளுத்துக்கட்டுவார். எல்லாருக்கும் பொதுவாக ஒரு எண்ணைச் சொன்னால் எழுதி ஒட்டிவிடுவோம் என்று நான் கேட்டேன். அவர் ஐயோ பாவம் என்பதுபோல் என்னைப் பார்த்தார். எங்கள் ஊரில் தாதியை மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவார்கள்.

"அப்படி ஒரு நம்பர் இல்ல லா, மிஸ்ஸி. ஆளுக்கு ஆள் வேற. பத்து நிமிஷம் பக்கத்துல உக்காந்து பாத்துட்டு வைங்க. உக்கார நேரமில்லன்னா எதுக்கு மெஷின் வாங்குனீங்க?"

யோசித்த பெரியவர்

உட்கார நேரம் இல்லைதான். மயக்க மருந்தில் கிடந்த ஒருவரை அனுப்பிவிட்டு, அதே கட்டிலில் சாலாக் செலாத்தானிலிருந்து வந்த ஒரு பெரியவரைப் படுக்கவைத்தோம். அடிக்கடி வலிப்பு வருகிறது என்று கண்காணிப்புக்கு வந்தவர். நல்ல விழிப்போடு உட்கார்ந்து மைலோ குடித்துக்கொண்டிருந்தார். நான் வில்லைகளை ஒட்டிவிட்டு வேறு வேலைக்குப் போனேன். பழைய ஆளுக்குத் தாழ்வாக வைத்திருந்த கோடுகளை மாற்றவில்லை.

இயந்திரம் கத்தத் தொடங்கியது. ஓடிவந்து நிறுத்தினேன், மறுபடி கத்தியது. ஒன்றுமில்லை, உங்கள் மூளை கொஞ்சம் அதிகமாக வேலை செய்வதாகக் காட்டுகிறது என்று சமாளித்தேன். பெரியவர் குவளையைக் கீழே வைத்துவிட்டு, பள்ளிக்கூடத்துப் பிள்ளைபோல் கையைக் கட்டிக்கொண்டார்.

"யோசிக்கக் கூடாதுன்னா மொதல்லயே சொல்லியிருக்கலாமே மிஸ்ஸி. இனிமே யோசிக்கல."

நெற்றியில் திருநீறு

பிறகு வந்தவர் வீரையா, சுங்கை வே லோரி ஓட்டுநர். சொந்த லோரி. மோட்டார் சைக்கிளில் போனவரைக் கார் ஒன்று இடித்துத் தள்ளியிருந்தது. மயக்க மருந்தை நிறுத்தி நான்கு நாளாகியும் கண் திறக்கவில்லை. வெள்ளிக்கிழமைவரை பார்ப்போம், மாற்றம் இல்லையென்றால் பொது வார்டுக்கு அனுப்பிவிடலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். இனி நம்பிக்கை இல்லை என்பதுதான் அதற்கு அர்த்தம், அது வீரையாவின் மனைவி அஞ்சலைக்கும் தெரிந்திருந்தது.

தினமும் மாலை ஐந்து மணிக்குப் பார்வையாளர்களை விடுவோம். அஞ்சலை வந்த ஐந்தாவது நிமிடம் மணி அடிக்கும். போய்ப் பார்த்தால் நெற்றி நிறையத் திருநீறு, வில்லைக்கு அடியிலும் திருநீறு. துடைத்து, புது வில்லை ஒட்டி, "அக்கா, இதுல தூள் பட்டா மெஷின் சரியா வேல செய்யாது" என்று கொஞ்சம் கடுமையாகவே சொன்னேன். அவர் கோபப்படவில்லை. திருநீற்றுப் பொட்டலத்தை மடித்தபடி நியாயமான ஒரு கேள்வி கேட்டார்.

"நெத்திய நீங்க வச்சிக்குங்க மிஸ்ஸி. நெஞ்சு சும்மாத்தானே இருக்கு, அத எனக்கு விடுங்களேன்?"

அமைதியான புதன்கிழமை

நெஞ்சை அவருக்கு விட்டுக்கொடுத்தோம். ஆனாலும் செவ்வாய்க்கிழமை ஐந்து மணிக்கு மணி அடித்தது. நெற்றி சுத்தமாகத்தான் இருந்தது. வலிப்பும் இல்லை. அஞ்சலைதான் ஒயரை இழுத்திருப்பார், கட்டிலை ஆட்டியிருப்பார் என்று முடிவு கட்டி, 'பார்வையாளரால் இடையூறு' என்று சார்ட்டில் எழுதினேன். முந்தைய நாட்களுக்கும் அதையேதான் எழுதியிருந்தேன்.

புதன்கிழமை நான்கு ஐம்பதுக்கு, ஒரு கெட்டிக்காரத்தனம் செய்தேன். அறுபதில் இருந்த மேல் கோட்டைத் தொண்ணூறுக்கு ஏற்றிவிட்டேன். ஐந்து மணி வந்தது, போனது. வார்டே அமைதி. எனக்கு ஒரே பெருமை. ஐந்தரைக்கு அஞ்சலை என்னைத் தேடி வந்தார். முகம் வெளுத்திருந்தது.

"தெனமும் நான் பேசினா மணி அடிச்சுப் பதில் சொல்வாரு. இன்னிக்கு ஏன் மிஸ்ஸி ஒண்ணுமே சொல்லல?"

அறுபதுக்குத் திரும்பியது

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. ஒரு மனிதர் தினமும் கதவைத் தட்டியிருக்கிறார், நான் தட்டும் சத்தத்தை நிறுத்தியிருக்கிறேன். கோட்டைப் பழையபடி அறுபதில் வைத்தேன். வியாழக்கிழமை ஐந்து மணிக்கு டாக்டரைக் கூப்பிட்டு, நான் எழுதியதையும் செய்ததையும் மறைக்காமல் சொன்னேன். அவர் திட்டவில்லை. "பாத்துடலாம்" என்று மட்டும் சொன்னார்.

வீரையாவின் பெயரைச் சொல்லி டாக்டர் கூப்பிட்டார். எண் நாற்பத்திரண்டு. நான் கூப்பிட்டேன். நாற்பத்தொன்று. அஞ்சலை கூப்பிட்டார். நாற்பத்து நான்கு. எனக்கு அழுகை வரும்போல் இருந்தது. தினமும் என்ன பேசுவீர்களோ அதையே பேசுங்கள் என்று டாக்டர் அவரிடம் சொன்னார். அஞ்சலை சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, கணவரின் காதருகே குனிந்தார். "ஒங்க தம்பிதான் இன்னிக்கும் லோரிய எடுத்துட்டுப் போனாரு. கிளட்ச்சுலேருந்து கால எடுக்கவே மாட்டேங்குறாரு, கிளட்ச்சு தேஞ்சிடும்போல."

ஐம்பத்து மூன்று. ஐம்பத்தெட்டு. அறுபத்தாறு. மணி அடித்தது. பல்லைக் கடித்தாலும் எண் ஏறும் என்பதால் டாக்டர் வீரையாவின் தாடையில் கைவைத்துப் பார்த்தார், கடிக்கவில்லை. திரையில் ஓடும் மூளை அலைகளையும் பார்த்தார், வலிப்பும் இல்லை. அந்த மணிச் சத்தம் எனக்கு அவ்வளவு இனிமையாக அதற்குமுன் கேட்டதில்லை. டாக்டர் சார்ட்டை என்னிடம் நீட்டினார்.

"அந்த 'இடையூறு' எல்லாத்தையும் அடிச்சிடுங்க நர்ஸ். மனைவி லோரியப் பத்திப் பேசினா கேக்குறாருன்னு எழுதுங்க. பொது வார்டு இப்ப வேணாம்."

முதல் வார்த்தை

வெள்ளிக்கிழமை ஒன்றும் நடக்கவில்லை. அடுத்த செவ்வாய்க்கிழமை, கிளட்ச் பற்றிய அன்றைய செய்தியின் நடுவில் வீரையா கண்ணைத் திறந்தார். மறு வாரம், மூச்சு விடுவதற்காகத் தொண்டையில் செருகியிருந்த குழாயை எடுத்தோம். அஞ்சலை அவர் கையைப் பிடித்தபடி, நான் யார் என்று தெரிகிறதா என்று கேட்டார். நாங்கள் எல்லாரும் கட்டிலைச் சுற்றி நின்றோம். வீரையா உதட்டை நனைத்துக்கொண்டார். குரல் காற்றாகத்தான் வந்தது, ஆனால் வார்டில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்டது.

"மொதல்ல அவன்கிட்டேருந்து சாவிய வாங்கு."

இன்றைக்கும் மணி அடித்தால் எனக்கு எரிச்சல் வரத்தான் செய்கிறது, ஆனால் மேல் கோட்டில் கைவைக்கும் முன் இந்த நோயாளியின் லோரி இப்போது யாரிடம் இருக்கிறது என்று ஒரு வார்த்தை விசாரித்துவிடுகிறேன்.