நடு அறையில் கேட்ட ஊதல்

பேய்க்கதை பேசுகிற இடத்தில் நான் உட்கார்ந்ததே கிடையாது. கிறிஸ்தவச் சபைக்குப் போகிறவள், போதாததற்குப் பள்ளிக்கூடத்தில் புவியியல் நடத்தியவள், காற்று எங்கே கிளம்பி எங்கே போகிறது என்று கரும்பலகையில் அம்புக்குறி போட்டுக் காட்டியவள். வேப்பமரத்தில் முனி இருக்கிறது என்று பிள்ளைகள் சொன்னால் அந்த மரத்தடியிலேயே வகுப்பு வைப்பேன். ஆகையால் நான் சொல்வதை நீங்கள் நம்பாவிட்டால் வருத்தப்பட மாட்டேன், உங்கள் இடத்தில் இருந்தால் நானும் நம்பமாட்டேன்தான். நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

என் கணவர் தங்கதுரை கடற்படையில் மாலுமி. கல்யாணத்துக்குப் பிறகு விடுப்பில் வந்தது இரண்டே முறை. பிறகு தந்திதான் வந்தது. புயலில் மேல்தளத்தில் வேலையாக இருந்தவரை அலை அடித்துக்கொண்டு போய்விட்டது, தேடினோம், கிடைக்கவில்லை என்றார்கள். எழுபதுகளின் நடுவில் நடந்தது இது. உடல் கிடைக்காததால் கல்லறைத் தோட்டத்தில் பூ வைக்க ஒரு மேடுகூட எனக்கு இல்லை. சங்கரன்கோவிலில் பெண்கள் பள்ளியில் வேலை கிடைத்து, தெருக்கோடியில் ஒரு வாடகை வீட்டில் தனியாக இருந்தேன்.

அவர் எழுதிய கடிதங்களில் ஒன்றுமே இருக்காது. நான் சுகம், நீ சுகமா, ஊரில் மழை உண்டா, அவ்வளவுதான். கடலில் மிதந்துகொண்டு மழை உண்டா என்று கேட்கிற மனுஷனிடம், எங்கே படுப்பீர்கள், என்ன சாப்பிடுவீர்கள், ராத்திரி முழித்திருக்கும்போது எதைப் பார்ப்பீர்கள் என்று நானும் கேட்கவில்லை. அவர் போன பிறகு அதையெல்லாம் யாரிடம் கேட்பது? புத்தகத்திடம் கேட்டேன்.

பஸ் ஸ்டாண்டுப் பக்கம் கடையநல்லூர் பாய் ஒருவர் பழைய பேப்பர் கடை வைத்திருந்தார். கடலைப் பொட்டலம் மடிக்கக் கிழிப்பதற்கு முன்னால், கப்பல் படம் போட்ட எதையும் எனக்காக எடுத்து வைப்பார். நான் அந்தப் பக்கம் போனால் கடைக்குள்ளிருந்தே குரல் கொடுப்பார். "டீச்சர், கப்பல் ஒண்ணு வந்திருக்கு." சுற்றிலும் கரிசல் காடு, குளத்தில் பாதி நாள் தண்ணீர் கிடையாது, இந்த ஊரில் எனக்கு மட்டும் கப்பல் வரும். திருநெல்வேலி ஜங்ஷன் நடைபாதையிலும் மதுரையிலும் வாங்கினேன். எங்கோ காலியான பங்களாக்களிலிருந்து வந்தவை, பூச்சி அரித்தவை, முதல் பக்கத்தில் யாரோ ஒருவர் பெயரை எழுதி வேறொருவர் அதை அடித்திருப்பார். போர்க்கப்பல்களின் சரித்திரம், மாலுமிகளின் பயிற்சிப் புத்தகம், முடிச்சுப் போடுகிற முறைகள். எல்லாம் ஆங்கிலம். அகராதியை மடியில் வைத்துக்கொண்டு படித்தேன். தொங்கு படுக்கையில் எப்படிப் படுப்பார்கள் என்று படித்த அன்றைக்கு எனக்கு ரொம்ப நேரம் தூக்கம் வரவில்லை. நடு அறை முழுக்கச் சுவரோரம் புத்தகம் ஏறிக்கொண்டே போனது.

இப்படியே சில வருஷங்கள் போயின. எண்பதுகளின் ஆரம்பம். என் அண்ணன் ஜோசப்புக்கு என் நினைப்பாகவே இருந்தது. மேலநீலிதநல்லூரில் தேவசகாயம் என்று ஒரு வாத்தியார், மனைவியை இழந்தவர், பிள்ளைகள் இல்லை, நல்ல மனுஷன் என்று பேசி முடித்து, ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் கூட்டி வருவதாகச் சொல்லிவிட்டான். கூடவே இன்னொன்றும் சொன்னான்.

"அந்தப் புஸ்தகத்தை எல்லாம் அதுக்குள்ள கடையில போட்டுரு. வாற மனுஷன் நடு வீட்டுல செத்தவன் கப்பலைப் பாத்துக்கிட்டா காப்பி குடிப்பான்?"

எனக்குக் கோபம் வரவில்லை. வெறும் வீட்டுக்குத் திரும்பி விளக்குப் போடுவது எனக்கே அலுத்துப் போயிருந்தது.

முந்தின நாள் சனிக்கிழமை. ஆடித்தபசுத் திருவிழா. ஊர்க்கூட்டம் முழுக்கக் கோவில் வாசலில் இருந்தது, எங்கள் தெருவில் ஆளில்லை. ஆடிக் காற்று உங்களுக்குத் தெரியும், மத்தியானம் ஆனால் கதவு ஜன்னலையெல்லாம் போட்டு அடிக்கும், கூரை ஓடு கடகடக்கும். புழுதிக்குப் பயந்து முன்கதவு, பின்கதவு இரண்டையும் உள்ளே தாழ் போட்டிருந்தேன். நடு அறையில் தரையில் உட்கார்ந்து புத்தகங்களைக் கட்டுக்கட்டாகச் சணலில் கட்டினேன். கடைசிக் கட்டு எனக்கு ஞாபகம் இருக்கிறது, முடிச்சை இறுக்கிவிட்டுச் சணலை அறுக்கக் கத்தியை எடுத்தேன்.

அப்போதுதான் கேட்டது.

வெளியே இல்லை. அறைக்குள்ளே, என் தலைக்குச் சற்று மேலே, ஆள் நின்றால் வாய் இருக்கும் உயரத்தில். முதலில் தாழ்வாக ஒரு ஊதல். அது மெல்ல ஏறியது, ஏறி உச்சியில் நின்றது, நூல் பிடித்த மாதிரி, நடுங்காமல், கேட்கிறவளுக்கு மூச்சு முட்டும் அளவுக்கு நீளமாக. பிறகு வந்த மாதிரியே இறங்கி, தாழ்ந்து, முடிந்தது. காற்று ஓட்டுச் சந்தில் ஊதும் சத்தம் எனக்குத் தெரியாதா? ஆடிதோறும் கேட்கிறேன். அது இழுக்கும், திக்கும், மறுபடியும் இழுக்கும். இது ஒரு நெஞ்சிலிருந்து வந்த மூச்சு.

நான் பயந்து ஓடவில்லை, நம்பினால் நம்புங்கள். எழுந்து நின்றேன். சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டேன். யாரோ வந்து நிற்கும்போது செய்வது போல. ஏன் செய்தேன் என்று எனக்குத் தெரியாது.

முன்கதவை யாரோ தட்டினார்கள். தாழை எடுத்துத் திறந்தேன். பக்கத்து வீட்டுப் பேச்சியம்மா அக்கா, பால் ஊற்றுகிறவர், மாடு கன்று போடுகிற நிலையில் இருந்ததால் தபசுக்குப் போகாமல் வீட்டில் இருந்திருக்கிறார்.

"என்ன டீச்சர், குக்கர் ஏதும் வாங்கியிருக்கியளா? விசில் சத்தம் எங்க தொழுவம் வரைக்கும் கேட்டுச்சு."

"இல்லக்கா."

அவர் என்னைத் தாண்டி உள்ளே பார்த்தார். அடுப்பு அணைந்து கிடந்தது. அவர் முகம் மாறிவிட்டது. அத்தனை வருஷமும் டீச்சர் என்றே கூப்பிட்டவர், குரலைத் தாழ்த்திக்கொண்டு முதல் தடவையாக வேறு மாதிரி பேசினார்.

"ஏட்டி, உள்ள ஆம்பள யாரும் இருந்தா சொல்லிரு. நான் யார்ட்டயும் மூச்சு விட மாட்டேன்."

தனியாக இருக்கிற பொம்பளை வீட்டுக்குள்ளிருந்து சீட்டிச் சத்தம் கேட்டது என்று தெருவில் ஒரு வார்த்தை போதும், வேலையும் போகும், வீடும் போகும். "நீங்களே வந்து பாருங்கக்கா" என்றேன். பார்த்தார். கட்டிலுக்கு அடியில், குதிருக்குப் பின்னால், கடைசியாகப் பின்கட்டு. கதவின் தாழ் போட்டபடியே இருந்தது. அந்தத் தாழைத் தொட்டுப் பார்த்துவிட்டு நின்றார். பிறகு நடு அறை வழியாகத் திரும்பி வராமல், அந்தப் பின்கதவைத் திறந்துகொண்டு அப்படியே போய்விட்டார். சொன்ன சொல்லைக் காப்பாற்றினார், யாரிடமும் பேசவில்லை. ஆனால் அன்றிலிருந்து பாலை வாசற்படியில் வைத்துவிட்டுப் போவாரே தவிர, வீட்டுக்குள் ஒரு நாளும் கால் வைக்கவில்லை.

கட்டிய கட்டுகளை நான் கடையில் போடவில்லை.

மறுநாள் தேவசகாயம் வந்தார். அண்ணன் என்னை முறைத்தான், புத்தகம் அப்படியே இருந்தது. அவர் காப்பியைக் குடித்துவிட்டு, இதெல்லாம் என்ன என்று மரியாதையாகத்தான் கேட்டார். பொய் சொல்ல மனம் வரவில்லை. கணவரைச் சொன்னேன், முந்தின நாள் கேட்டதையும் சொல்லிவிட்டேன். அண்ணன் தலையைக் குனிந்துகொண்டான். தேவசகாயம் சிரிக்கவில்லை. டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

"நான் இங்க வந்து இருந்தா அது நின்னுருமா? இல்ல, நானும் சேந்து கேக்கணுமா?"

நான் குனிந்து அவருடைய டம்ளரை எடுத்துக்கொண்டேன். அவர், "வாரேம்மா" என்று எழுந்துகொண்டார். அந்தப் பேச்சு அதோடு நின்றுபோனது. பிறகு வேறு பேச்சும் வரவில்லை. அண்ணன் என்னோடு பேசவே ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது.

அந்த ஊதல் மறுபடி வரும் என்று நினைத்தேன். பள்ளிக்கூடம் விட்டு வந்து விளக்கைக்கூடப் போடாமல் நடு அறையில் உட்கார்ந்திருப்பேன். ஓடு கடகடக்கும், நாய் குரைக்கும், பேச்சியம்மா அக்கா வீட்டுக் கன்று கத்தும். அது வரவில்லை.

சில வருஷங்கள் கழித்து, பாளையங்கோட்டையில் நேவியிலிருந்து ஓய்வு பெற்ற ஒருவர் தன் அலமாரியைக் காலி செய்கிறார் என்று பாய் சொல்லிப் போனேன். என் கதை எதுவும் அவருக்குத் தெரியாது. புத்தகம் சேர்க்கிற டீச்சர், அவ்வளவுதான். பேச்சுவாக்கில் மேசை டிராயரைத் திறந்து துணியில் சுற்றிய ஒரு சின்ன வெள்ளி ஊதலை எடுத்தார். கப்பலில் கட்டளையெல்லாம் இதில்தான் ஊதுவார்களாம். அதைப் பற்றிப் புத்தகத்தில் நானும் படித்திருக்கிறேன், ஆனால் அதில் ஏறி இறங்குகிற கோடுதான் போட்டிருப்பார்கள், கோட்டைப் பார்த்துச் சத்தத்தை யார் கேட்க முடியும்? அவர் உற்சாகமாகிவிட்டார். சாப்பாட்டுக்கு ஊதுவது, படுக்கைக்கு ஊதுவது என்று ஒவ்வொன்றாக ஊதிக் காட்டினார். சிரித்துக்கொண்டுதான் கேட்டேன். பிறகு ஒன்று ஊதினார்.

தாழ்வாக ஆரம்பித்தது, ஏறியது, உச்சியில் நின்றது, இறங்கியது.

நான் எழுந்து நின்றுவிட்டேன்.

"சரியாத்தான் எந்திச்சிய" என்றார் அவர். "இத ஊதினா கப்பல்ல எல்லாரும் அசையாம நிக்கணும்."

"இது யாருக்கு ஊதுறது அண்ணாச்சி?"

"பெரிய ஆபீசருக்கு. கப்பல் ஏறும்போதும் எறங்கும்போதும் மரியாதைக்கு."

"சாதாரண மாலுமிக்கு?"

"எங்கள மாதிரி ஆளுக்கு உசுரோட இருக்கையில யாரு ஊதுதா? செத்தா ஊதுவாவ. பொணத்துக்கு மட்டும் சின்னவன் பெரியவன் கிடையாது."

அவர் மனைவி காப்பி கொண்டுவந்து கொடுத்தார். டம்ளரைப் பிடித்துக்கொண்டு, ஒன்றே ஒன்று கேட்டேன். உடலை ஏற்றும்போது ஊதுவதும் இறக்கும்போது ஊதுவதும் வேறு வேறா?

"வேற இல்ல டீச்சர். கொண்டு வரையிலயும் இதான், கொண்டு போகையிலயும் இதான். ஒரே ஊதல். வெறுமனே காதால கேக்கிறவனுக்கு வாறானா போறானான்னு தெரியாது."

இப்போது நான் வேலையிலிருந்து ஓய்வு பெற்றாயிற்று. அண்ணன் மகன் வந்து தன்னோடு இருக்கச் சொல்லிக் கூப்பிடுகிறான், போகவில்லை. அன்று வந்ததற்காக ஊதியது என்றால் என் கணவர் இன்னும் இந்த வீட்டை விட்டுப் போகவில்லை. போவதற்காக ஊதியது என்றால், அதற்கு முந்திய வருஷங்களில் நான் அகராதியை மடியில் வைத்துக்கொண்டு தனியாக உட்கார்ந்திருந்தேனே, அப்போதெல்லாம் அவர் அந்த அறையில்தான் இருந்திருக்கிறார். எது என்று சொல்ல ஆளில்லை. இந்த வீட்டில் நான் அதை ஒரு தடவைதான் கேட்டிருக்கிறேன்.