மூன்று முறை கழன்ற முன்பல்

மூன்றாம் முறையும் அப்பாவின் முன்பல் அவருடைய சட்டைப்பையில்தான் வந்து சேர்ந்தது. பத்திரிகைத் துண்டில் மடித்து வைத்திருந்தார். பிரித்தபோது பீங்கான் உறையோடு இரண்டு நெல்மணிகளும் என் கையில் விழுந்தன. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கிளிநொச்சியில் பல் வைத்தியம் பார்க்கிறேன். அப்பா தர்மபுரத்தில் வயல் செய்கிறார். அவருடைய முன்பல் உடைந்தபோது மிச்சத்தைச் சீவிக் குற்றியாக்கி, அதன்மேல் பீங்கானில் ஓர் உறை செய்வித்து ஒட்டியது நான்தான். எல்லாருக்கும் போடுகிற அதே பசை. மற்றவர்களுக்குக் கல்லுப்போல நிற்கிறது. பெற்ற தகப்பனுக்கு மட்டும் மாரிகாலத்துச் சுவரொட்டி மாதிரிக் கழன்று வந்தால் யாருக்குத்தான் கோபம் வராது?

"நெல்லுக் கடிச்சனீங்களோ அப்பா?"

"ஓம் பிள்ளை. நாலைஞ்சுதான்."

"முன்பல்லாலை ஒண்டும் கடிக்க வேண்டாம் எண்டு எத்தினை தரம் சொன்னனான்?"

"கடிக்காமல் நெல்லுக் காஞ்சிட்டுதோ எண்டு என்னெண்டு அறியிறது?"

"அதுக்கு மிசின் இருக்கு."

"மிசின் யாவாரியின்ரை கையிலை எல்லோ இருக்கு. அவன் ஈரம் எண்டால் நானும் ஈரம் எண்டு தலையாட்டுறதோ?"

இந்த மனிதரோடு கதைத்து வெல்ல முடியாது. காய்ந்த நெல் பல்லில் 'டக்' என்று உடையுமாம், ஈர நெல் நசியுமாம். அந்த ஒரு சத்தத்துக்காக ஒவ்வோர் அறுவடைக்கும் என் வேலையைப் பலி கொடுக்கிறார். கோபத்துக்கு அடியில் பயமும் இருந்தது. துப்புரவாக்கித் துப்புரவாக்கி ஒட்டியதில் குற்றி மெலிந்துவிட்டது. இனியும் ஒருமுறை கழன்றால் அதுவும் சேர்ந்து முறியும். பிறகு பிடுங்குவதைத் தவிர வழியில்லை. பல் போனால் சொல் போச்சு என்பார்கள். அப்பாவுக்குச் சிரிப்பும் போய்விடும். பல் உடைந்த காலத்தில் வாயைக் கையால் பொத்திக்கொண்டுதான் யாரோடும் கதைத்தார். அதை இன்னொருமுறை பார்க்க என்னால் ஏலாது.

ஏசிக்கொண்டே உறையை விளக்கின் கீழ் திருப்பிப் பார்த்தேன். நெல் கடித்துப் பெயர்ந்திருந்தால் பசை பாதி பல்லிலும் பாதி உறையிலுமாகப் பிய்ந்து நிற்கும். இங்கே பசை முழுவதும் உறையோடேயே வந்திருந்தது. பல்லில் ஒரு பொட்டுக்கூட இல்லை. பசை பல்லைப் பிடிக்கவே இல்லை. ஒட்டும்போது பல் ஈரமாக இருந்திருக்கிறது. ஒரு துளி எச்சில் போதும், எல்லாம் வீண். அதனால்தான் சுற்றிவரப் பஞ்சு வைத்து, காற்றடித்துக் காயவைத்து, அவசரப்படாமல் ஆறுதலாகச் செய்யவேண்டும். அதற்கு ஒரு மணித்தியாலம் பிடிக்கும்.

உதவிக்கு நிற்கிற பெண் நேரம் குறிக்கிற கொப்பியோடு வந்தாள்.

"டொக்டர், அப்பாவுக்கு எத்தினை மணிக்குப் போட?"

முந்தைய ஒவ்வொரு முறையும் அவளுக்கு நான் சொன்ன பதில் ஒன்றுதான். "அப்பாவுக்கு நேரம் போடத் தேவையில்லை. எல்லாரும் போனாப் பிறகு பாப்பம்." எல்லாரும் போன பிறகு, அவருக்குக் கடைசி பஸ், எனக்கு வீட்டு வேலை. அந்த அந்தர அவசரத்தில் உறையை வைத்து அழுத்தி அனுப்பியிருக்கிறேன். பிறத்தியாருக்குச் செய்யத் துணியாததைத் தகப்பனுக்குச் செய்துவிட்டு, பழியை நெல்லின் மேல் போட்டிருக்கிறேன். வந்த எரிச்சலெல்லாம் என் மேலேயே திரும்பியது.

"நாளைக்கு முதல் ஆளாய்ப் போடும்" என்றேன்.

மறுநாள் காலை கதவைத் திறந்தபோது அப்பா வந்திருந்தார். அவருக்குப் பிறகு வந்த இரண்டு பேருக்கு முன் இடத்தை விட்டுவிட்டு, வழக்கம்போலக் கடைசிக் கதிரையில் இருந்தார்.

"வாங்கோ அப்பா. நீங்கள்தான் முதல்."

அவர் எழும்பவில்லை. முகம் ஒரு மாதிரியாகப் போய்விட்டது. கை தானாகவே வாயைப் பொத்தியது.

"ஏன் பிள்ளை, என்னை முதல் ஆளாய்க் கூப்பிடுறாய்?" என்று மெதுவாகக் கேட்டார். "பல்லு இனிச் சரிவராதோ?"