டேஷ்போர்டு பெட்டியில் ஒரு மஞ்சள் பொட்டலம்

மூன்று வருடத்துக்கு முன், அக்னி நட்சத்திர நேரத்தில் நடந்தது இது. வில்லியனூர் பக்கம் மெயின் ரோட்டு ஓரமாகக் கார் ஏசி வேலை பார்க்கும் சின்ன ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறேன். வெயில் ஏறிவிட்டால் எனக்கு உட்கார்ந்து சாப்பிட நேரம் இருக்காது. வருகிறவர்கள் எல்லோருமே, "கேஸ் போயிடுச்சு போல, ஏத்தி வுடு" என்றுதான் சொல்வார்கள். நான் யார் பேச்சையும் நம்ப மாட்டேன். ஒவ்வொன்றாகச் சோதித்துப் பார்க்காமல் எதையும் மாற்றியதில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமே உண்டு.

அன்று காலை ஒதியம்பட்டிலிருந்து ஒருவர் பழைய காரோடு வந்தார். ஐம்பது வயதை நெருங்கியவர். சேதராப்பட்டில் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை.

"ஏசி போட்டா காத்தே வரலபா. எட்டு மாசமா வூட்டாண்ட சும்மாவே நின்னுனு இருந்திச்சு. பொண்ண காலேஜ்ல சேக்க இட்டுனு போவணும். கொஞ்சம் பாத்துக் குடு" என்றார். ஏன் எட்டு மாதம் எடுக்கவில்லை என்று நான் கேட்கவில்லை. சாவியைக் கொடுத்துவிட்டு ஷிப்டுக்குப் போய்விட்டார்.

இன்ஜினை ஓடவிட்டு ஏசியைப் போட்டேன். பைப் ஜில்லென்று இருந்தது, ஆக கேஸில் குறை இல்லை. ஃபியூஸும் நன்றாக இருந்தது. பிளோயர் மோட்டாருக்குப் போகும் வயரில் டெஸ்ட் லாம்பு வைத்தேன், எரிந்தது. கரண்ட் வருகிறது, காற்றைத் தள்ளுகிற மோட்டார்தான் சுற்றவில்லை. அதை வெளியே எடுக்க டேஷ்போர்டு பெட்டியைக் கழற்ற வேண்டும். உள்ளே இருந்ததையெல்லாம் சீட்டில் கொட்டினேன்.

ஆர்சி புக், பேனா, மாத்திரை அட்டை. அவற்றோடு ஒரு மஞ்சள் துணிப் பொட்டலம். மேலே கறுப்புக் கயிறு சுற்றி முடிச்சுப் போட்டிருந்தது. பிரித்தால் உள்ளே கைப்பிடி அளவு பெண்பிள்ளை முடி. கூடவே ஒரு விபூதிப் பொட்டலம். முடி, கறுப்புக் கயிறு, மஞ்சள் துணி. யாரோ இந்த மனுஷனுக்குச் செய்வினை வைத்துவிட்டார்கள், அதனால்தான் வண்டி எட்டு மாதம் முடங்கிக் கிடந்திருக்கிறது என்று நானே முடிவு கட்டினேன்.

மோட்டாரைக் கழற்றினால் அதன் விசிறிக்குள் எலிக்கூடு. புங்க இலைச் சருகும் பஞ்சும் அடைத்து, மோட்டார் இறுகிக் கருகியிருந்தது. குப்பை முழுவதையும் பின்பக்கத் தகர டின்னில் போட்டேன். அதன் மேலேயே அந்தப் பொட்டலத்தையும் வைத்து, ஒரு கட்டி கற்பூரம் ஏற்றிக் கொளுத்தினேன். முடி கருகும் நாற்றம் தெருமுனை வரை போனது. ஒரு குடும்பத்தைக் காப்பாற்றிவிட்ட நினைப்பில் கை கழுவிக்கொண்டு வந்து புது மோட்டாரை மாட்டினேன்.

சாயங்காலம் அவர் வந்தார். ஏசியைப் போட்டுக் காட்டினேன். வென்ட்டுக்கு முன்னால் கையை வைத்துப் பார்த்து, "நல்லா வருதுபா" என்றார். நான் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அண்ணே, வண்டியில உங்களுக்கு யாரோ இன்னாவோ வெச்சிருந்தாங்க. பொம்பள முடி. பயப்படாதீங்க, நான் கொளுத்திட்டேன்" என்றேன்.

அவர் கை அந்தக் காற்றிலேயே நின்றது.

"அது என் வூட்டுக்காரி முடிபா."

அவரே மெதுவாகச் சொன்னார். "கேன்சர். ஆஸ்பத்திரிக்குப் போறப்பலாம் இந்த சீட்லதான் குந்தினு வருவா. தலையில கை வெச்சா கொத்தா வரும். வெளிய போடாம துணியில சேத்துனு வந்தா. நல்லானதும் சவுரி கட்டிக்கிறேன்னா. அவ போனப்புறம், வூட்ல வெச்சா பொண்ணு பாத்து அழும்னு வண்டியிலயே வுட்டுட்டேன்."

"சாம்பலாச்சும் இருக்குதாபா?" என்று கேட்டார்.

ஓடினேன். புது மோட்டார் வந்த அட்டைப் பெட்டியில் டின்னிலிருந்த சாம்பலை அள்ளிக்கொண்டு வந்தேன். பாதி வெந்த சருகு, பஞ்சு, எலிப்புழுக்கை எல்லாம் அதில் கிடந்தன. எலிக்கூட்டோடு சேர்த்துத்தான் எரித்தேன் என்பதை மறைக்க வழியே இல்லை. அவர் பெட்டிக்குள் பார்த்தார்.

"வேணாம்பா. இதுல எது அவளுது, எது எலிதுன்னு எனக்கு இன்னா தெரியும்?"

என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் அழுதாவது தீர்த்திருப்பேன். வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

ஒரு வாரம் என்னால் சரியாகச் சாப்பிட முடியவில்லை. மன்னிப்புக் கேட்டே ஆக வேண்டும் என்று ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டைத் தேடிப் போனேன். கதவைத் திறந்தது மகள். பின்னாலேயே வந்தவர் என்னைப் பார்த்ததும் ஒரு நொடி தயங்கினார். பிறகு, "நம்ம கார் ஏசிய சரி பண்ணாரே, இவருதாம்மா. தண்ணி குடு" என்றார். அவளிடம் எதுவும் சொல்லவில்லை என்று புரிந்தது. அந்தப் பெண் சொம்பை என் கையில் கொடுத்து, "ஏசி சூப்பரா வருதுண்ணா, தேங்க்ஸ்" என்றாள். அவள் அம்மாவின் முடியை எரித்த கையால் அந்தத் தண்ணீரை வாங்கிக் குடித்தேன். அவள் முன்னால் மன்னிப்பு என்ற பேச்சை எடுக்க முடியாமல் திரும்பி வந்தேன்.

இப்போதெல்லாம் டேஷ்போர்டு பெட்டியில் கை வைக்கும் முன் வண்டிக்காரரைக் கூப்பிட்டு, உள்ளே இருப்பதை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள் என்கிறேன். "பழைய பில்லுதானேபா, தூக்கிப் போடு" என்று சிலர் சிரிப்பார்கள். அப்போதும் நான் தொடுவதில்லை. ஒரு மோட்டார் செத்துவிட்டது என்று சொல்ல அத்தனை சோதனை செய்தவன், அந்த முடியைக் கொளுத்தும் முன் அவருக்கு ஒரு போன் செய்து கேட்கவில்லையே என்பது இன்றும் என் நெஞ்சை அறுக்கிறது.