ஜன்னலோரம் மாறும் எண்

காலை பாசஞ்சர் ரயிலின் மகளிர் பெட்டியில், தரைத் தூசியில் நான் விரலால் எழுதிய ஓர் எண்ணைச் சித்தி குனிந்து பார்த்தது இன்னும் கண்ணில் நிற்கிறது: 142857. எண்பதுகளின் கடைசி அது. சித்தி கும்மிடிப்பூண்டியில் ஒரு ரசாயனத் தொழிற்சாலையில் மூட்டை தைத்தாள். நான் வழியில் இறங்கிக் கல்லூரிக்குப் போவேன்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அந்தப் பெருமை என் நடையிலேயே தெரியும். ஆனால் வகுப்பில் ஒருநாள் என்னையறியாமல் வீட்டுப் பேச்சில் "இன்னா சார்" என்று கேட்டபோது எழுந்த சிரிப்புக்குப் பிறகு நான் வாயே திறக்கவில்லை. கணித மன்றத்தில் ஆளுக்கு ஓர் எண்ணைப் பற்றிப் பேச வேண்டும். சனிக்கிழமை என் முறை. மேடையேறுவதைவிடப் படிப்பை விட்டுவிடலாம் என்றுகூட நினைத்திருந்தேன்.

"மொதல்ல எங்ககிட்ட சொல்லு. நாங்க சிரிச்சா கொறைஞ்சா பூடுவ?" என்றாள் சித்தி.

சொன்னேன். இரண்டால் பெருக்கினால் 285714. மூன்றால் பெருக்கினால் 428571. ஆறு வரை எதனால் பெருக்கினாலும் அதே ஆறு இலக்கங்கள் அதே வரிசையில் சுற்றி வருகின்றன; தொடங்கும் இலக்கம் மட்டும் மாறுகிறது.

"காலங்காத்தால கணக்கா? பேஜாரா கீதும்மா" என்று எதிரில் ஒரு அக்கா கொட்டாவி விட்டாள்.

சித்தி அந்த இலக்கங்களை விரல்விட்டு எண்ணினாள். தன் இருக்கைப் பலகையில் இருந்தவர்களைப் பார்த்தாள். நெருக்கி உட்கார்ந்தால் ஆறு பேர். சண்டை வராதிருக்க, வாரத்தின் ஆறு வேலை நாளும் ஆளுக்கு ஒருநாள் ஜன்னலோரம் என்று அவர்களே பேசி வைத்திருந்தார்கள். நேற்று ஜன்னலில் இருந்தவள் கடைசிக்குப் போக, மற்றவர்கள் வரிசை கலையாமல் நகர்ந்துகொள்வார்கள்.

"அடியே, இது நம்ம பெஞ்சுதான்! பக்கத்து ஆளு மாறல, ஜன்னல்ல குந்துறவதான் மாறுறா" என்று கூவினாள்.

"அப்போ ஏழால பெருக்கினா?" என்றாள் கொட்டாவி விட்ட அக்கா.

"999999. அந்த ஆறுல ஒண்ணுகூட இல்ல" என்றேன்.

"ஞாயித்துக்கெழம! அல்லாருக்கும் லீவு" என்றாள் சித்தி.

"எவளுக்குடி லீவு? ஊட்ல துணிய உங்க மாமியாரா தொவைக்கிறாங்க?" என்றாள் எதிரில் இருந்த அக்கா.

பெட்டியே சிரித்தது. அந்தச் சிரிப்பில் நானும் இருந்தேன்.

சனிக்கிழமை மேடையேறினேன். ஒன்றை ஏழால் வகுத்தால் இந்த ஆறு இலக்கங்களே முடிவின்றித் திரும்பத் திரும்ப வரும் என்று புத்தகத் தமிழில் ஆரம்பித்தேன். பலகைக் கதைக்கு வந்ததும் பெட்டியின் பேச்சே வாயில் வந்தது. நிறுத்தவில்லை. ஞாயிற்றுக்கிழமைத் துணியைச் சொன்னபோது அரங்கு சிரிப்பில் அதிர்ந்தது.

மாலை ரயிலில் சித்தி என் முகத்தையே பார்த்தாள். மெதுவாகக் கேட்டாள்: "சிரிச்சாங்களா கண்ணு?"

"சிரிச்சாங்க சித்தி. நான்தான் சிரிக்க வெச்சேன்."

இன்று நான் கணக்கு ஆசிரியை. என் வகுப்பில் பிள்ளைகள் "இன்னா டீச்சர்" என்றுதான் கேட்கிறார்கள். கேட்கட்டும் என்று விட்டிருக்கிறேன்.